மெஷின் வந்த பிறகு தொழிலாளியின் ஹக்கு



திருப்பூரில் பனியன் பிரின்டிங் பட்டறை நடத்தும் சகோதரர்கள் கேட்கும் கேள்வி இது: "ஹஜ்ரத், ஆட்டோமேட்டிக் மெஷின் எடுக்கப் போகிறேன். எட்டுப் பேர் பார்த்த வேலைக்கு மூன்று பேர் போதும். மற்றவர்களை நிறுத்தினால் பாவமாகுமா?"

மெஷின் வாங்குவது பாவமல்ல. நீளமான டேபிளில் வெட்டிய துணிகளை ஒட்டிவைத்து, ஃப்ரேமைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒவ்வொரு கலருக்கும் மறுபடி முதலிலிருந்து இழுத்துக்கொண்டே போகும் வேலையின் முதுகுவலி செய்தவருக்குத்தான் தெரியும். அந்தச் சுமை குறைவது அல்லாஹ்வின் அருள். தாவூத் (அலை) அவர்களுக்கு அவன் இரும்பையே இளக்கிக் கொடுத்தான். ஸூரா ஸபஃவை ஓதிப் பாருங்கள். இரும்பை இளக்கியதைச் சொன்ன கையோடு, கவசத்தின் வளையங்களை அளவாகக் கோர்க்கச் சொல்கிறான். உடனே நல்லமல் செய்யும்படியும் கட்டளையிடுகிறான். நாமோ வளையத்தோடு நின்றுவிடுகிறோம். ஒரு கலர் இன்னொரு கலர் மேல் ஏறாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம். இழுத்தவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதில்லை.

(மெஷினை வட்டிக்கு எடுப்பவரிடம் முதலில் வட்டியைப் பற்றித்தான் பேச வேண்டும். அது தனி ஜும்ஆவுக்கான விஷயம்.)

ஆளை நிறுத்துகிற விதத்தில்தான் பாவம் நுழைகிறது. மெஷினுக்கு முன்பணம் கட்டியாயிற்று. சொன்னால் ஆட்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள், கையிலிருக்கும் ஆர்டர் நின்றுவிடும் என்று முதலாளி வாய் திறப்பதில்லை. ஒன்றரை ஷிப்ட் வேலை வாங்கி ஆர்டரை முடித்துவிட்டு, சனிக்கிழமை சம்பளத்தோடு "திங்கட்கிழமை வர வேண்டாம்" என்கிறார். இரண்டு மாதம் முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தொழிலாளி வேறு இடம் தேடியிருப்பார், புதுக் கடன் வாங்காமல் இருந்திருப்பார். நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. வேலை முடியப்போவதை மறைத்து வேலை வாங்குவதும் அந்த இனத்தில்தான் சேரும் என்பது என் கருத்து.

ஃபிக்ஹில் 'அஜீர் காஸ்' என்றொரு வகை உண்டு. தன் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்த கூலியாள். அவர் வந்து தயாராக நின்றால், முதலாளி வேலை கொடுக்காவிட்டாலும் கூலி கடமையாகிவிடும். மெஷின் பொருத்தும் நாட்களில் பட்டறை ஓடவில்லை என்று மாதச் சம்பளக்காரரின் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த ஒரு மாத முன்னறிவிப்பும், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் நாட்டுச் சட்டம் கேட்கிறது. ரெஜிஸ்டரில் பெயர் இல்லை என்று இங்கே தப்பிக்கலாம். கிராமன் காத்திபீன் எழுதும் ரெஜிஸ்டர் வேறு.

குகையில் சிக்கிய மூவரின் ஹதீஸை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதில் ஒருவர், கூலி வாங்காமல் போன ஆளின் பங்கைப் பெருக்கி வைத்திருந்தார். அவர் திரும்பி வந்தபோது அந்தக் கூலியை மட்டும் கொடுத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெருகிய கால்நடைகள் அனைத்தையும் கொடுத்தார். அந்த அமலைச் சொல்லித்தான் துஆ கேட்டார், பாறை விலகியது. உங்கள் மெஷினுக்கான முதல் எங்கிருந்து சேர்ந்தது? பத்து வருடம் அந்த டேபிளில் ஃப்ரேம் பிடித்த கைகளிலிருந்தும்தானே?

எனவே முன்கூட்டியே சொல்லுங்கள். மெஷினில் பழக முதலில் பழைய ஆட்களைக் கேளுங்கள். கலர் கலக்கத் தெரிந்த மூத்தவரை விட்டுவிடாதீர்கள்; பார்ட்டி கேட்கும் ஷேடு அவர் கண்ணுக்குத்தான் தெரியும். போகிறவர்களுக்கு அடுத்த பட்டறையில் நீங்களே போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று, அட்வான்ஸ். ஆளை நீங்களே நிறுத்திவிட்டு, கொடுத்த அட்வான்ஸைக் கடைசிக் கவரில் மொத்தமாகப் பிடித்தால் அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். சிரமத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் ஸூரா பகராவில் அல்லாஹ் சொல்கிறான். வேறு இடத்தில் நிலையாகும் வரை கேட்காதீர்கள். மெஷின் எடுக்கிற வசதி இருப்பவருக்கு, அதை விட்டுக்கொடுக்கிற வசதியும் பெரும்பாலும் இருக்கும்.