புத்தகத்தை மாற்றலாமா?



பிள்ளைக்கு வாசிக்கக் கற்பிக்கும் புத்தகத்தை மாற்றுவதில் பாவபுண்ணியம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மளிகைக் கடையை மாற்றுவதுபோல் மாற்றிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புத் தடை உள்ள பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் தாய்க்கு அப்படித் தோன்றாது.

அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்டம் இடங்கொடுக்கிறது. அங்கே கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் அவ்வழியில் பிள்ளைகளை வளர்க்கின்றன. ஆங்கில எழுத்துக்களின் ஒலிகளைப் படிப்படியாகக் கற்பிக்கும் பாடமுறைகள் பல விற்பனைக்கு உண்டு. ஒன்றை வாங்கி 6 மாதம் பாடுபட்டும் பிள்ளை தடுமாறினால், பொறுத்திருப்பது கடமையா, விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பது கடமையா? பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நம் வீடுகளுக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். இது சோம்பலுமல்ல, மந்த புத்தியுமல்ல. 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில வைத்தியர், 14 வயதுச் சிறுவன் பெர்ஸியைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், வாசிக்க மட்டும் வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வன் என்பது அவனுடைய ஆசிரியரின் எண்ணம்.

இத்தகைய பிள்ளைகளுக்கென்று அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற வைத்தியரும், அன்னா கில்லிங்காம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற ஆசிரியைகளும் 1930-களில் ஒரு முறையை வகுத்தார்கள். எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, கையால் எழுதி, எல்லாம் ஒருங்கே நடக்கவேண்டும். மூளையைப் பற்றி ஆர்ட்டன் கொண்டிருந்த கருத்தைப் பின்வந்த விஞ்ஞானிகள் தள்ளிவிட்டார்கள். கற்பிக்கும் முறையோ நிலைத்துவிட்டது. இன்று விற்கும் பாடமுறைகளில் பல அதன் பிள்ளைகளே. 2000-இல் அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழு, ஒலிகளை ஒழுங்காகக் கற்பிக்கும் முறைகள் மற்றவற்றிலும் மேலானவை என்று கண்டது. ஆனால் ஒழுங்கான முறைகளுக்குள்ளே ஒன்றுக்கொன்று பெரிய ஏற்றத்தாழ்வு தென்படவில்லை. ஆகவே மந்திரம் எந்தப் புத்தகத்தின் அட்டையிலும் இல்லை.

அப்படியானால் மாற்றுவதால் கெடுதல் என்ன என்பீர்கள். கெடுதல் உண்டு. ஒவ்வொரு முறைக்கும் எழுத்துக்களின் வரிசை வேறு, படங்கள் வேறு, விதிகளுக்கு இட்ட பெயர்களும் வேறு. ஒன்றில் ஆப்பிள் படத்தோடு பழகிய ஒலியை மற்றொன்று எறும்புப் படத்தோடு காட்டும். மற்றப் பிள்ளைகள் ஒரு நாளில் தாண்டும் இவ்வித்தியாசம், பல வாரம் திரும்பத் திரும்பச் சொல்லி ஓர் ஒலியைப் பிடித்த இப்பிள்ளைக்குப் பெருஞ்சுவர். அதைவிடக் கொடியது, பிள்ளை தன் மனத்தில் எழுதிக்கொள்ளும் தீர்ப்பு: இந்தப் புத்தகத்துக்கும் நான் லாயக்கில்லை.

எனினும், மாற்றாமலிருப்பதெல்லாம் பொறுமையல்ல. பணம் கொடுத்தாயிற்றே என்ற கவலையும், பங்கிலே பலர் மெச்சிய முறையாயிற்றே என்ற வீம்பும் பொறுமையின் அங்கியைப் போட்டுக்கொண்டு வருவதுண்டு. அங்கே பொறுமை என்னும் புண்ணியம் தாய்க்கு; அதற்குரிய தபசைச் செய்வது பிள்ளை. மூன்று மாதத்துக்கு ஒரு புத்தகம் மாற்றும் வீட்டைக் கண்டு அஞ்சுகிறேன். பலனில்லாத ஒன்றையே ஆண்டுக்கணக்கில் கட்டியழும் வீட்டைக் கண்டு அதிலும் அதிகமாய் அஞ்சுகிறேன்.

ஆர்ஸ் கிராமத்துப் பங்குச் சுவாமியாரான அர்ச். மரிய வியான்னியை நினைத்துக்கொள்ளுங்கள். குருமடத்தில் லத்தீனில் நடந்த பாடம் ஏறாமல் திருப்பி அனுப்பப்பட்டார். பாலே சுவாமியார் அவரைத் தம்மிடத்தில் வைத்துப் பிரெஞ்சு மொழியிலேயே கற்பித்தார். 1815-இல் குருப்பட்டமும் கிடைத்தது. (அவருக்கு டிஸ்லெக்சியா இருந்ததென்று நான் சொல்லவரவில்லை.) பாலே சுவாமியார் மாற்றியது வழியை, குறியை அல்ல. அதுவும், சீடனுக்கு எங்கே கால் இடறுகிறது என்று அறிந்து மாற்றினார்.

நாமும் அதை அறியவேண்டாமா? எளிய சோதனை ஒன்று உண்டு. அர்த்தமே இல்லாத சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்: மிப், ஃபெக், ஸோட். வாசித்துவிட்டால் ஒலிகள் உள்ளே இறங்கியிருக்கின்றன. புத்தகம் வேலை செய்கிறது, மெதுவாக. பழகிய கதையைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை இதில் விழித்தால், இதுவரை நடந்தது மனப்பாடம், அல்லது படத்தைப் பார்த்து ஊகித்தது. ஊகிக்கப் பழக்கும் புத்தகத்தை இன்றைக்கே மூடிவைப்பதில் தோஷமில்லை. இன்னொன்றையும் பாருங்கள். ‘கேட்’ என்று பூனையின் பெயரை நாம் வாயால் சொன்னால், அதிலுள்ள மூன்று ஒலிகளைப் பிள்ளை காதால் பிரித்துச் சொல்லுகிறதா? அது வராத பிள்ளைக்கு, அந்தப் பயிற்சியைத் தராமல் நேரே எழுத்துக்குப் பாயும் புத்தகம் பொருந்தாது. கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

மாற்றுவதென்று தீர்மானித்தால், புதுப் புத்தகத்தில் முதல் பக்கத்துக்கே இழுத்துப்போகாமல், பிள்ளை நிற்கும் இடம் எதுவென்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். அந்த நாளில் பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதே பெரிய காரியம். பிள்ளையைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லலாகாது. புத்தகம் பொருந்தவில்லையென்றால், “இது உனக்கு ஏற்றதாயில்லை, குற்றம் உன்மேல் இல்லை” என்று சொல்லலாம், அது உண்மை. புத்தகம் நல்லதாயிருந்து நாமே விரட்டியிருந்தால், புத்தகத்தின்மேல் பழிபோட்டு மாற்றவேண்டியதில்லை. “நான்தான் அவசரப்பட்டேன், கண்ணு” என்று சொல்லி, அதே புத்தகத்தில் தடுமாறிய பக்கத்துக்கு நாலு பக்கம் பின்னே திருப்பி உட்காரலாம்.