தம்பதியர் தனிப்பயணமும் இல்லற அறமும்

பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் மட்டும் இரண்டு மூன்று நாள் வெளியூர் போய் வருவது அறத்துக்கு உகந்ததா? மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பள்ளி விடுமுறை நெருங்கும்போது எழும் கேள்வி இது. எழுந்த வேகத்தில் பெரும்பாலும் அடங்கியும் விடுகிறது. "பெத்தவளுக்கு எப்படித்தான் மனசு வருதோ" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், பயணம் நின்றுவிடும். அந்தச் சொல் தகப்பனைத் தொடுவதில்லை; தாயைத்தான் குத்துகிறது.

இதை உல்லாசம் பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொண்டால் விடை கிடைக்காது. கணவன் மனைவியின் அன்பு, பிள்ளை பெற்று வளர்ப்பதற்கு ஒரு வழி மட்டும்தானா? அல்லது பிள்ளைகள் வந்த பிறகும் தன்னளவில் பேணப்பட வேண்டிய அறமா? இதற்கு விடை கண்டால் பயணத்துக்கும் விடை கிடைக்கும். தமிழ் மரபும் சைவ மரபும் இரண்டாவது பக்கமே நிற்கின்றன. ஆனால் சில கடமைகளை நிறைவேற்றிய பிறகே அந்த உரிமையைத் தருகின்றன.

உலு திராமின் வாழ்க்கை

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் உள்ள ஊர் உலு திராம். ஊரின் பெயரைத் தாங்கிய தோட்டமும் அங்கே உண்டு. அதில் விளைவது செம்பனை. தெற்கு ஜொகூரின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் தமிழர் வாழ்க்கையின் முதல் அத்தியாயம் தோட்டத்தில்தான் எழுதப்பட்டது.

தோட்டத்து லயத்தில் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே கூரையின் கீழ் படுத்தார்கள். கணவன் மனைவிக்கென்று தனியிடம் இல்லை, தனிநேரமும் இல்லை. விடியுமுன் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். இருவருமே பால்மரம் வெட்டப் போனதால் குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தன. குழந்தையை விட்டுப் போனாள் என்று அந்தத் தாயை எவரும் பழிக்கவில்லை.

தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த தலைமுறைக்குத் தனியறை கிடைத்தது, நேரம் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்பவர் இருட்டிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் பாலத்து நெரிசலைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். வார விடுமுறையும் நீண்ட காலம் ஒத்துவரவில்லை. 2014 தொடக்கத்திலிருந்து 2024 இறுதிவரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். மனைவி ஜொகூரில் பள்ளி ஆசிரியை, கணவன் அக்கரையில் தொழிலாளி என்றால் வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான் இருவருக்கும் பொது. 2025 சனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியபோது அத்தகைய வீடுகளுக்கு இரண்டு பொது நாள்கள் கிடைத்தன.

பிள்ளைகளைப் பிறர் பொறுப்பில் விடுவது இந்தச் சமுதாயத்துக்குப் புதிதல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது. மூன்று தலைமுறையாகப் பிழைப்புக்காக விட்டிருக்கிறார்கள். அதைத் தியாகம் என்று போற்றியும் இருக்கிறார்கள். ஆகவே விடுவதே குற்றமாக இருக்க முடியாது. எதற்காக விடுகிறோம் என்பதில்தான் மனம் தயங்குகிறது. கூலிக்காக விடலாம், உறவுக்காக விடக்கூடாது என்றால், இல்லறத்தில் பணத்துக்கு இருக்கும் மதிப்பு அன்புக்கு இல்லை என்றாகிவிடும். அப்படிச் சொல்லும் அறநூல் தமிழில் இல்லை.

நூல்களில் துணையும் மக்களும்

திருக்குறளின் அறத்துப்பாலில் இல்வாழ்க்கை ஐந்தாம் அதிகாரம், வாழ்க்கைத் துணைநலம் ஆறாவது, மக்கட்பேறு ஏழாவது. இல்லறத்தில் முதலில் துணை, பிறகு மக்கள். அத்தோடு நிற்கவில்லை. நூலின் மூன்றாம் பால் முழுவதும், இருபத்தைந்து அதிகாரங்கள், தலைவன் தலைவி அன்புக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பதினெட்டு, மணத்துக்குப் பிந்திய கற்பியலைச் சேர்ந்தவை. பிரிவின் துயரில் தொடங்கி ஊடலின் உவகையில் முடியும் அந்தப் பகுதியில் மக்கட்பேற்றுக்குத் தனி அதிகாரம் கிடையாது. மணமான பின்னும் இருவருக்கிடையே வளரவும் வாடவும் கூடிய ஓர் அன்பு உண்டு என்பதையும், அது கவனிப்புக்கு உரியது என்பதையும் நூலின் அமைப்பே ஒப்புக்கொள்கிறது.

இதனால் பிள்ளைகள் இரண்டாம் பட்சம் என்று ஆகிவிடாது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் பாடிய செவிலி கூற்றுப் பத்து இருக்கிறது. மகளை வளர்த்த செவிலி, அவள் குடித்தனம் நடத்தும் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்லும் பாடல்கள் அவை. கணவனும் மனைவியும் படுத்திருக்க, மகன் நடுவில் கிடக்கும் காட்சியை ஒரு பாடல் காட்டுகிறது. மகனை அணைத்திருக்கும் மனைவியைக் கணவன் அணைத்திருப்பதை இன்னொரு பாடல் காட்டுகிறது. அங்கே பிள்ளை இருவரையும் பிரிக்கவில்லை, சேர்த்து வைக்கிறது. தொல்காப்பியக் கற்பியலும், முதிர்ந்த பருவத்தில் தம்பதியர் மக்களோடும் சுற்றத்தோடும் சேர்ந்து சிறந்ததைப் பயில்வதை இல்லறத்தின் பயனாகக் கூறுகிறது.

பெரியவர்களின் பங்கைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மனையறம்படுத்த காதையில், கண்ணகியும் கோவலனும் இல்லறம் பழகுவதற்காகக் கோவலனின் தாயே அவர்களைத் தனிமனையில் குடிவைக்கிறாள். இருவருக்கும் தனியிடம் அமைத்துக் கொடுப்பது மூத்தவர்களின் கடமை என்பதற்கு இது பழைய சான்று. இன்று பேரப்பிள்ளைகளை இரண்டு நாள் தன்னோடு வைத்துக்கொள்ளும் பாட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறாள்.

கோயிலில் இரு நிலைகள்

நூல் படிக்காதவரும் இந்த உண்மையைக் கோயிலில் பார்க்கலாம். சிவனும் உமையும் அமர்ந்திருக்க நடுவில் குழந்தை முருகன் இருக்கும் கோலம் சோமாஸ்கந்தம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருவறையில் பல்லவர் அதைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கினர். திருவாரூர்த் தியாகராசரும் இந்தக் கோலத்தவரே. இது தாயும் தந்தையும் பிள்ளையுமாக வீற்றிருக்கும் குடும்பம்.

அதே சைவக் கோயில்களில் பள்ளியறையும் உண்டு. மதுரையில் ஒவ்வோர் இரவும் சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் எழுந்தருளி மீனாட்சியின் பள்ளியறையைச் சேர்கின்றன. பாட்டும் தீபாராதனையும் முடிந்ததும் கதவு சாத்தப்படும். பிள்ளையாரும் முருகனும் அவரவர் சன்னிதியில் இருப்பார்கள். விடியற்காலையில் பள்ளியெழுச்சி நடந்து கோயில் மறுபடி எல்லாருக்கும் திறக்கும்.

சோமாஸ்கந்தம் உண்மை என்பதால் பள்ளியறை பொய்யாகிவிடவில்லை. ஒரே தெய்வத் தம்பதியர் ஒரு வேளையில் பெற்றோராகவும் ஒரு வேளையில் இருவராகவும் வழிபடப்படுகிறார்கள். இவை ஒன்றை ஒன்று அழிக்கும் நிலைகள் அல்ல, முறைவைத்து வருபவை. சிவமும் சக்தியும் பிரிக்க முடியாதவை என்று கொண்ட சைவம், இல்லறத்தானின் நாளிலும் அந்த இரு நிலைகளுக்கும் வேளை ஒதுக்குகிறது.

திருநீலகண்டர் வரலாறு

இருவரிடையே உள்ளதைப் பேசாமல் மூடி வைத்தால் என்ன நேரும் என்பதற்குப் பெரியபுராணத்தில் ஒரு வரலாறு உண்டு. தில்லையில் திருவோடு செய்து அடியார்க்கு அளித்துவந்த குயவர் திருநீலகண்டர். அவர் ஒருமுறை பரத்தையிடம் போய் வந்ததை அறிந்த மனைவி, சிவனின் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டு, எம்மைத் தீண்டக்கூடாது என்றாள். அந்த நாள் முதல் இருவரும் ஒருவரை ஒருவர் தொடாமல் ஒரே வீட்டில் வாழ்ந்து முதுமையடைந்தார்கள். சமையல் நடந்தது, தொழில் நடந்தது, அடியார்க்குத் தொண்டும் நடந்தது. அயலாருக்கு எதுவும் தெரியவில்லை.

சிவயோகியாக வந்த இறைவன், கொடுத்து வைத்த திருவோட்டை மறையச் செய்துவிட்டு, அதைத் திருடவில்லை என்று மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றான். கையைப் பிடிக்க இயலாத நிலையில், மூங்கில் கோலின் இரு முனைகளை இருவரும் பற்றிக்கொண்டு குளத்தில் இறங்கினர். காரணத்தை எல்லார் முன்னும் வாய்விட்டுச் சொன்னார் குயவர். மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர்.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகள் தம்பதியர்க்கு உரியவை. முதலாவது, குடும்பம் குறைவின்றி நடப்பதே உறவு நன்றாக இருப்பதற்கு அடையாளம் ஆகாது. பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன், டியூஷன், திருவிழா எல்லாம் ஒழுங்காக நடக்கும் வீட்டிலும் இருவரிடையே பேச்சு வறண்டுபோயிருக்கலாம். இரண்டாவது, அவர்களுக்கு மீட்சி வீட்டுக்குள் கிடைக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வந்து, ஒரே கோலைப் பற்றி, சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்ன பிறகே கிடைத்தது. குழந்தைகள் இல்லாத பயணத்தின் சமயப் பொருளும் இதுவே: வழக்கமான வேலைகளிலிருந்து சற்று விலகி, சொல்லாததைச் சொல்ல ஓர் இடம்.

இந்தத் தேவையைக் கண்டது சைவம் மட்டுமல்ல. 1960களில் ஸ்பெயினில் கத்தோலிக்கக் குருவான கபிரியேல் கால்வோ, மணமான தம்பதியர் வார இறுதியில் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு வந்து ஒருவரோடு ஒருவர் மனம்திறந்து பேசுவதற்கு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அது உலகின் பல நாடுகளுக்குப் பரவியது. அங்கே பிள்ளைகளை விட்டு வருவது குற்றவுணர்வுக்குரிய செயலாக அல்ல, திருமணம் என்ற அருட்சாதனத்துக்குச் செய்யும் கடமையாகவே கருதப்படுகிறது.

தடைகளும் விடைகளும்

பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள் என்பது முதல் தடை. ஏக்கம் வரும், ஆனால் அளவான பிரிவு பிள்ளைக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது: அப்பா அம்மா போவார்கள், சொன்ன நாளில் திரும்பி வருவார்கள். தங்கள் பெற்றோர் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்று காண்பதும் பிள்ளைக்குப் பாதுகாப்பு. பிற்காலத்தில் தங்கள் மணவாழ்க்கைக்கு அவர்கள் முன்மாதிரியாகக் கொள்வது அதைத்தான்.

முதியவர்க்குச் சுமை என்பது இரண்டாம் தடை. இது நியாயமானது, எளிதில் தள்ளக்கூடாது. முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டியிடம் ஓடித் திரியும் மூன்று வயதுப் பிள்ளையை விட்டுப் போவது அன்பின் பேரால் செய்யும் சுரண்டல். அவர் சம்மதம் முகத்தில் தெரிய வேண்டும். வாய்ச் சம்மதம் போதாது.

போவதானால் கோயிலுக்குப் போகலாமே என்பது மூன்றாம் தடை. போகலாம். பகாங்கில் உள்ள மாரான் மரத்தாண்டவர் ஆலயத்தின் பெருவிழாவே பங்குனி உத்திரம். தெய்வத் திருமணங்களின் நாளாகச் சைவர் போற்றும் நாள் அது. தம்பதியர் வணங்கிவர அதைவிடப் பொருத்தமான தலம் அரிது. ஆயினும் திருவிழாக் கூட்டத்தில் பேச நேரம் கிடைக்காது. வேறு நாளில் போவது நல்லது. கடற்கரையில் நடந்தபடி பேசுவதும் அறத்துக்குக் குறைவானதல்ல. இல்லறத்தையே அறமாகக் கொண்ட மரபில், அதை உறுதிப்படுத்தும் செயலுக்குத் தனியாகப் புண்ணிய முத்திரை தேவையில்லை.

அறத்தோடு திட்டமிடுதல்

முதல் கடமை, விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கு. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், தக்க பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யாமல் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்கியுள்ளது. மூத்த பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுப் போவது ஏற்பாடு ஆகாது. பொறுப்பேற்கும் பெரியவரிடம் பிள்ளையின் மைகிட் அட்டை, கிளினிக் அட்டை, மருந்து, கைச்செலவுக்குப் பணம் ஆகியவை இருக்க வேண்டும். பள்ளி வேன் ஓட்டுநருக்கும் வகுப்பாசிரியருக்கும் யார் வந்து அழைத்துப் போவார் என்று தெரிந்திருக்க வேண்டும். பால்குடி மாறாத குழந்தையும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் இருக்கும்போது பயணத்தைத் தள்ளிப்போடுவதே முறை.

இரண்டாவது, உண்மை. கடைக்குப் போய்வருகிறோம் என்று பொய் சொல்லிவிட்டு நழுவக்கூடாது. எங்கே போகிறோம், எத்தனை இரவு, எப்போது வருவோம் என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். நாள்காட்டியில் காட்டினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, தூரம். முதல் பயணம் அவசரத்துக்குத் திரும்பிவரக்கூடிய தொலைவில் அமைவது நல்லது. உலு திராமிலிருந்து, முந்தாஹாக் மலையடிவாரத்தில் உள்ள கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி அருகிலேயே இருக்கிறது. டெசாரு கடற்கரைக்குச் செனாய்–டெசாரு விரைவுச்சாலை போகிறது. சற்றுத் தொலைவில் மலாக்கா. மெர்சிங்கில் படகேறிப் போகும் தியோமான், ராவா தீவுகளுக்குப் பருவம் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். படகுகள் குறையும், விடுதிகள் பல மூடப்பட்டிருக்கும். கேமரன் மலைக்கு ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் காரில் போக வேண்டும். இரண்டு நாள் விடுமுறைக்கு அது ஒத்துவராது.

நான்காவது, செலவு. கடன் அட்டையில் போய்வந்து மாதக்கணக்கில் அதைக் கட்டுவது, பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்துச் செலவழிப்பதாகும். சேர்த்த பணத்தில் ஓர் இரவு போதும்.

ஐந்தாவது, பயன். போன இடத்திலும் இருவரும் கைத்தொலைபேசியில் மூழ்கினால், விட்டுவந்ததற்கு நியாயம் இல்லை. இரவு ஒருமுறை பிள்ளைகளோடு பேசுவது கடமை. மணிக்கு ஒருமுறை அழைத்து அவர்களையும் கலக்கித் தாங்களும் கலங்குவது வீண். மீதி நேரம் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதற்கு உரியது. பெரிய சண்டைகளைத் தீர்க்கும் இடமாகவும் பயணத்தைக் கருத வேண்டியதில்லை. வன்முறையோ துரோகமோ புகுந்த உறவுக்குத் தகுந்த உதவி வேறு; அதை இரண்டு நாள் விடுதி வாசம் சரிசெய்யாது.

இந்தக் கடமைகள் நிறைவேறினால் தாய் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை, சுற்றத்தார் குறை சொல்லவும் இடமில்லை. நிறைவேறாத இடத்தில், எத்தனை அழகான ஊராக இருந்தாலும் போகாமலிருப்பதே அறம். பெற்றோர் என்ற கடமை பிள்ளைகள் பிறந்தபோது வந்தது. துணை என்ற கடமை அதற்கு முன்பே மணவறையில் ஏற்கப்பட்டது. பின்னால் வந்த கடமை முன்னதை இறக்கி வைத்துவிடாது. இரண்டையும் சுமக்கத் தெரிந்த இல்லறமே பிள்ளைகளுக்கு நல்ல வீடாக அமைகிறது.