காயத்தைக் கேட்கும் வாசகன்

கார்ட் ஜெஃபர்சனின் 'அமெரிக்கன் ஃபிக்‌ஷன்' (2023), பெர்சிவல் எவரெட்டின் 'எரேஷர்' (2001) நாவலிலிருந்து எடுக்கப்பட்ட படம். கிரேக்கத் தொன்மங்களில் தோய்ந்த ஒரு கறுப்பின நாவலாசிரியன். அவன் புத்தகங்கள் கடையில் கறுப்பர் ஆய்வு அலமாரியில் கிடக்கின்றன. புதிய நாவலோ போதிய அளவு கறுப்பாக இல்லையென்று திரும்பி வருகிறது. எரிச்சலில், துப்பாக்கியும் போதைமருந்தும் கொச்சையுமாக ஒரு போலி நாவலைப் புனைபெயரில் எழுதுகிறான். 7,50,000 டாலர் முன்பணம் வருகிறது. பரிசுக் குழுவில் இரு கறுப்பர்கள் (ஒருவன் அவனே) அதை மறுக்கிறார்கள். கறுப்பர் குரலைக் கேட்க வேண்டிய காலம் இது என்று சொல்லி, மூன்று வெள்ளையர்கள் அதற்கே பரிசளிக்கிறார்கள்.

சிரித்தேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு சௌகரியமானது என்பது பிறகுதான் உறைத்தது.

எனக்குத் திண்டிவனத்தில் வங்கி வேலை, வீடு விழுப்புரத்தில். மாலை ரயிலில் உடன் வரும் இளைஞர் ஒருவர், விழுப்புரத்தில் காலனியில் பிறந்தவர், தம் கவிதைகளைக் காட்டுவார். ஒருநாள் ஏரியில் வெளிச்சம் வடிவதைப் பற்றி ஐந்து கவிதைகள் தந்தார். ஊர்த்தெருவில் பிறந்த நான், "நல்லா இருக்கு. ஆனா இதுல நீங்க எங்க இருக்கீங்க? எழுபத்தெட்டப் பத்தி எழுதுங்களேன்" என்றேன். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதைத்தான் சொன்னேன்.

"அத எங்கப்பாகிட்டகூட நான் கேட்டதில்ல சார்" என்றார். விக்கிரவாண்டி தாண்டிய பிறகு, "ஏரியில நான் இல்லையா சார்?"

படத்தின் கேலியை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. அங்கே விற்கப்படும் காயம் போலி. பாமாவின் 'கருக்கு' (1992) எந்தச் சந்தையின் கட்டளைக்கும் எழுதப்பட்டதல்ல. 2000இல் அது ஆங்கிலத்தில் வந்து கிராஸ்வேர்டு பரிசு பெற்றது நியாயமே. ஆனால், ஒரு நூலின் உண்மையை அடுத்தவரின் எழுத்துக்கு அளவுகோலாக்கும் வாசகன் அந்த நூலையும் வாசித்தவனில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994), தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் வாழ்வைச் சொன்னபோது, ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காட்டலாமா என்று சில தலித் விமர்சகர்களே கேட்டார்கள். தலித் எழுத்தாளர் என்ற அடையாளத்தை இமையம் மறுத்தே வந்திருக்கிறார். எது அவருடைய அனுபவம் என்பதைப் பிரதிக்கு முன்பே பிறர் தீர்மானித்துவிடுகிறார்கள். பதிப்பாளன் அதற்கு விலை போடுகிறான். விமர்சகன் கொள்கை சொல்கிறான். ரயிலில் நான் அக்கறை என்றேன்.

நானும் ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறேன். இதே சிறுபத்திரிகை வட்டத்தில் அது தூய கவிதையாக வாசிக்கப்பட்டது. 'இதில் உன் சாதி எங்கே?' என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஏரியின் படித்துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்பது என் வரிகளில் இல்லை. அவரிடம் நான் கேட்டது எனக்குரிய கேள்வி.

எழுபத்தெட்டு எழுதப்படத்தான் வேண்டும். செத்தவர்களின் பிள்ளைகள் மட்டுமே அதை எழுத வேண்டும் என்பது என்ன நியாயம்? அந்த வருஷம் என் அப்பாவும் இதே ஊரில்தான் இருந்தார். நானும் அவரிடம் கேட்டதில்லை.