உழவாரம்

வைராக்கியத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்வது நம் வழக்கம்: பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம். வலியிலும், கதை கேட்ட உருக்கத்திலும், சிதைமுன் நிற்கும் நடுக்கத்திலும் எடுத்த முடிவு வீடு வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். இந்த அளவுகோலால் பார்த்தால் அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரின் மாற்றம் நிலைத்திருக்கவே கூடாது. சூலை நோயின் கொடுமை தாங்காமல்தான் அவர் சமணப் பள்ளியை விட்டு, தமக்கை திலகவதியார் இருந்த திருவதிகைக்கு வந்தார். அங்கே நோய் தீர்ந்தது. அது தந்த வேகமும் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் 81 வயது வரை வாழ்ந்ததாக மரபு சொல்லும் அவர், கடைசிவரை திரும்பிப் போகவில்லை. அற்புதம் என்று ஒரே சொல்லில் இதைக் கடந்துவிடுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

கோயில்களில் சைவ நால்வர் திருமேனிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சம்பந்தர் குழந்தையாக நிற்பார், அப்பர் கையில் உழவாரம் இருக்கும். கோயில் முற்றத்திலும் வீதியிலும் முளைக்கும் புல்லைச் செதுக்கும் கருவி அது. அரசர்கள் வணங்கிய ஒரு பெருங்கவிஞர் தேர்ந்த தொண்டு அந்தப் புல் செதுக்கும் வேலை. அதன் இயல்பைக் கவனிக்க வேண்டும். அது முடிகிற வேலை இல்லை. ஒரு மழை பெய்தால் போதும், செதுக்கிய இடத்தில் அருகும் நெருஞ்சியும் மறுபடி தலைகாட்டும். அவருடைய உள்ளமும் அப்படித்தான் இருந்தது என்பதற்கு அவர் பாடல்களே சாட்சி. ஐம்புலன்கள் தம்மை அலைக்கழிப்பதையும், வீணில் கழிந்த நாள்களையும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றை எழுதியது ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து. இந்த வருத்தமோ அவர் வாயாலேயே வந்தது. பழைய ஆசை பட்டுப்போன பிறகே ஒருவர் மாறியவர் ஆவார் என்று நாம் எண்ணுகிறோம். அதனால்தான் அது மறுமுறை துளிர்த்ததும் எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடுகிறோம். துளிர்ப்பதை அப்பர் தோல்வியாகக் கொள்ளவில்லை. அன்றைய வேலையாகக் கொண்டார்.

நோய் நெட்டித் தள்ளியதைத் தேர்வு என்று சொல்லலாமா என்று கேட்கலாம். திருவதிகை வாசல்வரை தள்ளியது நோய்தான், மறுக்கவில்லை. வலி நின்ற மறுநாள் காலையில் அவரைத் தள்ள எதுவும் இல்லை. தேர்வு அங்கேதான் தொடங்குகிறது. முன்பே ஒருமுறை மாறியவர்தானே, இது நிலையற்ற மனம் இல்லையா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. ஆனால் பெற்றோரை இழந்து, நிலையாமையை உணர்ந்து, நன்னெறி எது என்று தேடியே அவர் சமணத்துக்குப் போனதாகப் பெரியபுராணமே சொல்கிறது. சீவக சிந்தாமணியைத் தந்த அந்த மரபைத் தாழ்த்திப் பேச எனக்கு மனமில்லை. சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு அவர் பழகிய கட்டுப்பாடு பிற்காலத் தொண்டிலும் அவருக்கு உதவியிருக்கும் என்றே நம்புகிறேன். தேடல் ஒன்றாகவே இருந்தது. அதற்கு அன்றாடம் கைகொடுக்கும் வேலை பிறகுதான் அமைந்தது.

சைவர் எழுப்பும் தடையே எனக்குப் பெரிதாகப் படுகிறது: ஆட்கொண்டது இறைவன் அருள், அதில் மனித முயற்சிக்கு என்ன இடம்? அப்பரே இதைத் தெளிவாகப் பிரித்து வைத்தார். காப்பது அவன் பொறுப்பு, பணி செய்வது தம் பொறுப்பு. அருளை முழுதாக நம்பியவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. விளைவைப் பற்றிய கவலை அவரை விட்டுப் போனதால் கைக்கு அது பாரமாகவும் இல்லை.

முதுமையில் திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். பருக்கைக் கல்லோடு கல்லாக அவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் அப்பர்.