வெளிச்சத்தின் அளவுக்குத் தாகம்

லண்டன், கியூ தாவரவியல் தோட்டம். டிசம்பர்.

1987இல் திறக்கப்பட்ட ‘வேல்ஸ் இளவரசி’ கண்ணாடி இல்லத்தில் ஒரே கூரைக்குள் பத்து விதமான தட்பவெப்பம். மழைக்காட்டுப் பகுதியில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகிறது. அங்கிருந்து கள்ளிகளிடம் வந்தால் காற்று உலர்ந்திருக்கிறது, மண் வெளிறிக் கிடக்கிறது. குழாயைத் திருப்பினால் தண்ணீர் வரும் ஊர் இது. இருந்தும் ஊற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

*

இந்த மாதத்தில் இங்கே பகல் எட்டு மணி நேரத்தை ஒட்டித்தான். கண்ணாடி இல்லத்துக்குள் சூட்டை வரவழைக்கலாம், நீரை வரவழைக்கலாம். மெக்சிகோவின் வெயிலை வரவழைப்பது எளிதல்ல. வெளிச்சம் போதாத நாளில் நீரும் சூடும் கிடைத்தால் கள்ளி சும்மா இருக்காது, வளரும். வெளுத்து, மெலிந்து, வெளிச்சம் தேடி நீளும். அடுத்த கோடையில் மீண்டும் பருத்தாலும் அந்தக் குளிர்காலத்து ஒடுக்கம் உடம்பில் நிலைத்துவிடும்.

அதனால்தான் வெளிச்சம் குறையக் குறையத் தோட்டக்காரர் தண்ணீரையும் குறைக்கிறார். பல கள்ளிகள் வசந்தத்தில் மொட்டு வைப்பதற்கே இப்படியொரு குளிர்ந்த, உலர்ந்த ஓய்வு வேண்டியிருக்கிறது.

*

உருண்டைக் கள்ளி. மஞ்சள் முட்கள், மேலிருந்து கீழாக வரிவரியாய் மடிப்புகள். ஆர்மோனியத்தின் துருத்திபோலத்தான்: நீர் குறைந்தால் மடிப்புகள் நெருங்கும், குடித்தால் விரியும், தோல் கிழியாது. சுருங்குவதற்கென்றே ஓர் இடத்தை உடம்பில் விட்டுவைத்திருக்கிறது. வாட்டம் என்று நான் பார்ப்பது அதன் கணக்கில் முன்பே இருந்த ஒன்று.

*

லித்தாப்ஸ். 1811இல் தென்னாப்பிரிக்காவில் தாவர ஆய்வாளர் வில்லியம் பர்ச்செல் ஏதோ ஒரு விசித்திரமான கூழாங்கல் என்று நினைத்து எடுத்தது, கையில் செடியாக இருந்தது. தடித்த இரண்டு இலைகள், நடுவே ஒரு பிளவு; செடி முழுவதும் அவ்வளவுதான். குளிர்காலத்தில் பிளவுக்குள்ளே புதிய இலைச்சோடி உருவாகிறது. அது பழைய சோடியின் நீரைக் குடித்து வளர்கிறது. பழையது காகிதமாய்ச் சுருங்கி விலகுகிறது. இந்த நேரத்தில் இரக்கப்பட்டு யாராவது தண்ணீர் ஊற்றினால் பழைய இலைகள் கொழுத்தபடியே நின்றுவிடும். விலக வேண்டியது விலகாமல் புதியதை நெருக்கும்.

*

நாலு மணிக்கே இருட்டுகிறது. பார்வையாளர்கள் கிளம்புகிற நேரம் இந்தச் செடிகளுக்கு வேலை நேரம். பகலில் தோலின் நுண்துளைகளைத் திறந்தால் ஈரம் போய்விடும் என்பதால் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகின்றன.

இதன் தடயத்தை நாக்கால் பிடித்தவர் பெஞ்சமின் ஹெய்ன். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர், சென்னையில் வாழ்ந்து மறைந்தவர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதத்தை லண்டன் லின்னேயன் சங்கம் 1815இல் அச்சிட்டது. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் வீட்டுக் கொல்லையில் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து விளையாடும் அதே இலை.

வறட்சி மிகுந்தால் சில செடிகள் இரவிலும் துளைகளை மூடியே வைக்கும். தன் மூச்சில் வெளிவரும் வாயுவையே உள்ளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும். வளர்ச்சி இல்லை, இழப்பும் அதிகமில்லை. இருத்தல் மட்டும் நடக்கிறது.

*

நமக்குத் தெரிந்த அன்பு பெரும்பாலும் கொடுப்பதாகவே இருக்கிறது. வாடியதைக் கண்டால் கை குவளையைத் தேடுகிறது. வீட்டு ஜன்னலோரத்துக் கள்ளிகள் பலவும் குளிர்காலத்தில் அழுகிச் சாவது இந்த அன்பினால்தான். ஒருவருக்கு என்ன தேவை என்று கேட்பதோடு, இப்போது அதை ஏற்கும் வெளிச்சம் அவரிடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்போல.

*

இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இயற்கை ஆவணப்படக் கலைஞர் டேவிட் அட்டன்பரோ 1985இல் ஒரு பேழையைப் புதைத்தார். உணவுப் பயிர்கள், அழிந்துவரும் செடிகள் இவற்றின் விதைகள் அதில் இருக்கின்றன. திறக்க வேண்டிய ஆண்டு 2085. நூறு வருட உறக்கம். அவற்றுக்கும் உலர்ச்சிதான் காவல். உயிர் மிஞ்சியிருக்கிறதா என்பதை அன்றைக்கு யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.