பாயும் அம்பும் டெலிபோட்டோ லென்ஸும்

முகப்படத்துக்கும் மோட்டார் பந்தயப் படத்துக்கும் ஒரே டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் தேடுபவர், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளை ஒரே கருவியிடம் கேட்கிறார். மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மனிதரிடம் மாறாத ஒன்றைத் தேடுவது முகப்படம். மாற்றத்தை மட்டுமே தேடுவது பந்தயப் படம். நிலைப்பது எது, ஓடுவது எது என்ற தத்துவத்தின் பழைய வழக்கு இப்படிக் கேமரா கடைக்குள்ளும் வந்து நிற்கிறது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எலியா நகரத்து ஜீனோ ஓட்டத்தையே மறுத்தார். பாயும் அம்பு எந்தக் கணத்தில் பார்த்தாலும் தன் நீளத்துக்குச் சமமான ஓர் இடத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் இருப்பது என்றால் நிற்பது. எல்லாக் கணத்திலும் நிற்கும் அம்பு எப்போது நகர்ந்தது என்பது அவர் கேள்வி. 1/4000 நொடி ஷட்டரில் எடுத்த பந்தயக் காரின் படம் ஜீனோவுக்குச் சாட்சி சொல்வதுபோலவே இருக்கும். சக்கரத்தின் ஆரங்கள்கூடத் துல்லியமாகத் தெரியும். காரைப் பாதை நடுவே நிறுத்திவைத்து எடுத்த படம் என்றாலும் நம்பலாம்.

ஆனால் கணக்குப் போட்டால் அந்தச் சாட்சி பிறழ்கிறது. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கிறது. 1/1000 நொடியில் அது 5 செ.மீ. நகர்ந்துவிடும்; 1/4000 நொடியில்கூட ஒன்றேகால் செ.மீ. நகரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷட்டரும் கணத்தைப் பிடிப்பதில்லை. சிறியதோர் இடைவெளியைத்தான் பிடிக்கிறது. காலம் கணங்களை அடுக்கிக் கட்டியதல்ல என்று ஜீனோவுக்கு அரிஸ்டாட்டில் சொன்ன பதிலும் இதுதான்.

இந்த இடைவெளியைக் கண்ணுக்கே காட்டிய படம் ஒன்று உண்டு. 1912 அல்லது 1913இல் பிரான்சின் கிராண்ட் பிரி பந்தயத்தில், இருபது வயதுகூட ஆகாத ழாக் ஆன்ரி லார்த்திக் ஓடும் கார் ஒன்றைக் கேமராவைத் திருப்பியபடியே எடுத்தார். அவருடைய கேமராவின் ஷட்டர், நகரும் திரையில் உள்ள ஒரு பிளவு. அது படத்தைப் பட்டை பட்டையாகப் பதிந்து முடிப்பதற்குள் கார் முன்னேறிவிட்டது. சக்கரம் முன்பக்கம் சாய்ந்த முட்டை வடிவமானது. கேமரா திரும்பியதால் ஓரத்தில் நின்றவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். ஒரே படத்துக்குள் பல நேரங்கள். இலக்கணப்படி பிழையான படம்தான். ஆனாலும் வேகம் என்றால் என்ன என்பதை அதைப்போல் சொன்ன படங்கள் குறைவு. லார்த்திக்கை உலகம் அறிந்தது 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகு.

வேகத்தைக் காட்டுவது கணமல்ல, இடைவெளிதான் என்பதாலேயே பந்தயம் எடுப்பவர்கள் 1/4000ஐ விட்டு 1/125க்கும் 1/60க்கும் இறங்கி வருகிறார்கள். காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினால் கார் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் விழும். இதற்கு லென்ஸில் தேவைப்படுவது, மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் தடுத்துப் பக்கவாட்டு அசைவை விட்டுவிடும் அதிர்வுத் தடுப்பு. எடையும் பொருட்டு: 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். நாள் முழுதும் திருப்புகிற தோளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நொடிக்கு 20 படம் எடுக்கும் இன்றைய கேமரா பௌத்தர்களின் கணபங்கவாதத்தை நினைவூட்டும். எதுவும் ஒரு கணத்துக்குமேல் நிலைப்பதில்லை. தொடர்ச்சி என்று நாம் காண்பது ஒத்த கணங்களின் வரிசையே என்பது அவர்கள் கொள்கை. ஸ்ரீபாஷ்யத்தில் இராமானுசர் அதை மறுக்கிறார்: நேற்றுக் கண்டதே இது என்று அடையாளம் காணும் அறிவு, நேற்றும் இன்றும் நிலைக்கும் ஒன்று இல்லாமல் எழாது. அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில்தான் சென்னையின் பந்தயப் பாதை இருக்கிறது என்பது ஒரு தற்செயல். அங்கே வளைவில் வரும் காரை ஃபோகஸ் விடாமல் தொடரும் கேமரா, முந்தைய படத்துக் காரும் இந்தப் படத்துக் காரும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. ஒப்புமை போதும், ஒருமை வேண்டாம் என்று பௌத்தர் பதில் சொல்லலாம். கார் விஷயத்தில் அந்தப் பதிலைத் தள்ளுவது எளிதல்ல.

முகத்தின் விஷயம் வேறு. அங்கே சிக்கல் காலத்தில் இல்லை, தொலைவில் இருக்கிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 40 செ.மீ. தொலைவிலிருந்து எடுக்கும் படத்தில் காதை ஒப்பிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் பெரிதாக விழும்; இரண்டரை மீட்டரில் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். டெலிபோட்டோ லென்ஸ் முகத்தைத் தட்டையாக்குகிறது என்று பலர் சொல்வது சரியல்ல. தட்டையாக்குவது தொலைவு, அத்தனை தொலைவில் நின்றும் முகத்தைச் சட்டம் நிறையக் கொண்டுவருவது மட்டுமே லென்ஸின் வேலை.

இவற்றில் எது உண்மை முகம்? மடியில் கிடக்கும் குழந்தையைத் தாய் பார்ப்பது 40 செ.மீ. தொலைவில். மேடையில் இருப்பவரை ஊர் பார்ப்பது பல மீட்டருக்கு அப்பால் இருந்து. எந்தக் கூற்றும் ஒரு நிலையில் நின்று பார்க்கையிலேயே உண்மை என்ற சமணரின் அநேகாந்தம் இங்கே அப்படியே பொருந்துகிறது. இரண்டு படங்களும் அந்தந்த இடத்தில் நிற்கும் கண் காணும் அளவுகளையே தருகின்றன. எங்கும் நிற்காமல் உள்ளது உள்ளபடி காட்டியதாகச் சொல்லும் படம்தான் பொய்.

ஆகவே லென்ஸ் வாங்குபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எங்கே நிற்கப் போகிறோம் என்பதை. முகத்துக்கு 85 முதல் 135 மி.மீ. வரை போதும். பந்தயப் பாதையின் வேலிக்கு வெளியே நிற்கும் பார்வையாளருக்கு 200 மி.மீ. பெரும்பாலும் எட்டாது, 100-400 மி.மீ. எட்டும், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் திணறும், முகத்தின் பின்னணியையும் அவ்வளவாகக் கரைக்காது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 70-200 மி.மீ. எஃப்/2.8 ஏற்றது. 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் மாட்டினால் அதுவே 280 மி.மீ. எஃப்/4 ஆகிவிடும்.