வந்த வழியே மீளும் ஒளி



தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார் பலர் இரவிலும் நடக்கின்றனர். பழங்காநத்தத்தினின்று திருப்பரங்குன்றம் செல்லும் சாலையிலும் முருகனை நாடி இருளில் நடப்பார் உளர். இத்தகையோர்தம் பைகளில் ஒட்டப்படுவதும், ரிப்ளெக்டர் என மக்கள் வழங்குவதுமாகிய சிறு பட்டையைக் குறித்து ஈண்டுச் சிறிது சிந்திப்பாம். அஃது உயிர் காக்கும் பொருள்; சித்தாந்த உண்மையொன்றை விளக்குதற்கும் உதவுவது.

முகம் பார்க்கும் கண்ணாடி, சாய்ந்து வந்த ஒளியை மறுபுறம் சாய்த்து அனுப்பிவிடும். இப்பட்டையோ, ஒளி சற்றே சாய்ந்து வரினும் வந்த பக்கத்துக்கே அதனைத் திருப்புகின்றது. அதனுள் நுண்ணிய கண்ணாடி மணிகளேனும், ஒன்றற்கொன்று செங்கோணமாய் நிற்கும் மும்முகப் பளிங்குகளேனும் பதிந்துள்ளன. அம்மூன்று முகத்தும் பட்ட கதிர் வந்த திசைக்கே மீளும். 1969-இல் அப்போலோ 11 கலத்திற் சென்றோர் இத்தகைய பளிங்குகள் 100 கொண்ட பலகையைச் சந்திரனில் வைத்து மீண்டனர். பூமியினின்று விடுக்கும் லேசர் ஒளி இன்றும் அதனிற் பட்டுத் திரும்புகின்றது. 2023-இல் ஆண்டு இறங்கிய நம் நாட்டு விக்ரம் கலத்திலும் 8 பளிங்குகள் உடையதொன்று உளது.

இனி உவமையை நோக்குவாம். பட்டைக்குத் தன்னொளி இல்லை. வண்டியின் விளக்கொளி சென்று பட்ட பின்னரே அது விளங்குகின்றது; மீள்வதும் அவ்விளக்கின் ஒளியே. ஆன்மா இறைவன்பாற் செலுத்தும் அன்பும் இத்தகையதே. அருள் முன்னே வந்து பதியாதவழி வணங்கும் எண்ணமே எழாது. ‘யான் வழிபட்டேன்’ என்னும் செருக்குக்கு ஈண்டு இடம் யாது? இதுகொண்டு, ஆன்மா இறைவனுடைய பிரதிபிம்பமே என்பாரோடு நாம் உடன்படேம். ஒளி படாத பொழுதும் பட்டை உள்பொருளாய் இருளிற் கிடந்ததன்றோ?

மற்றொன்று. மீளும் ஒளியை விளக்கின் அருகிருக்கும் வண்டியோட்டி காண்பன். சாலையோரத்துத் தேநீர்க் கடையில் நிற்பவன் காணான். அவனுக்கு அது வெறுஞ் சாம்பல்நிறத் துண்டே. கோயிலின் ஒரு மூலையில் வாளாவிருக்கும் ஒருவரைப் பத்தியிலார் என இகழ்வோர், தாம் நிற்குமிடம் யாதென வினவிக்கொள்வாராக. இக்குறை சைவராகிய நம்மிடத்தும் சிறிதன்று.

உவமை ஒருபுடையே ஒக்கும். பட்டை சடம், தன்மேற் பட்ட ஒளியை அறியாது. ஆன்மாவோ அறிவிக்க அறியும் சித்து. ஆயினும் அழுக்குப் படிந்துழி மங்குதல் இரண்டற்கும் உண்டு. மலம் நீங்குதல் எளிதன்று; பட்டையின் புழுதிக்கோ ஒரு துணி போதும். முதுகுப்பையில் உள்ளது தம் கண்ணுக்குப் புலப்படாதாகலின், யாத்திரை செல்லும் அன்பர்கள் பின்வருவாரைக்கொண்டு அதனை நாடோறும் துடைப்பித்துக்கொள்வாராக.